டெபியன் நிலைப்பதிப்பா, தொடர் வெளியீடா: ஒரு சர்வருக்காக எடுத்த முடிவு

நான் ஒற்றை ஆளாகப் பராமரித்து வரும் சர்வர், புதிய பதிப்புகளை இடைவிடாமல் தரும் தொடர் வெளியீட்டு முறையிலான லினக்ஸ் வழங்கல் (இயங்குதளத் தொகுப்பு) ஒன்றில் இரண்டு ஆண்டுகள் ஓடியபின் டெபியன் என்னும் வழங்கலின் நிலைப்பதிப்புக்கு (வெளியான பின் மென்பொருள்களின் பெரும்பதிப்புகள் பெரும்பாலும் மாறாதது) மாறியது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆர்ச் போன்ற தொடர் வெளியீடுகளில் புதிய பதிப்புகள் விரைவில் வந்துசேரும் என்பதும், டெபியனில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதும் எல்லோரும் அறிந்தவை. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 13 மாதங்கள் பராமரிக்கும் ஃபெடோரா இவற்றுக்கு இடையில் நிற்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பெற, அதனுடன் வேறு எவற்றையெல்லாம் நான் ஏற்றாக வேண்டும்? ஆர்ச் பகுதிப் புதுப்பிப்பை ஆதரிப்பதில்லை. ஒரு நிரல் நூலகத்தின் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பின்) ஓட்டையை அடைக்க நினைத்தாலும் முழு அமைப்பையும் அன்றைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முன்பு பயன்படுத்திய வழங்கலில் அப்படித்தான் ஓர் இரவு ஒரு சிறு திருத்தத்துக்காகப் புதுப்பித்தேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அடுத்த பெரும்பதிப்புக்குத் தாவிவிட்டது. பழைய பெரும்பதிப்பின் தரவுக்கோப்புகளை முறைப்படி இடம்பெயர்க்காத வரை புதியது இயங்க மறுக்கும் என்பதால், விடியும்வரை உட்கார வேண்டியதாயிற்று. முன்னறிவிப்பைப் படிக்காதது என் தவறுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் படித்தே தீர வேண்டும் என்பதும் பராமரிப்புச் சுமையில் சேர்த்தி.

டெபியனில் திருத்தங்கள் பெரும்பாலும் பழைய பதிப்புக்கே தைத்துத் தரப்படுகின்றன. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் போஸ்ட்கிரெஸ் 15 என்றால், அதன் ஆயுள் முழுவதும் 15-தான். 2025 ஆகஸ்டில் 17-உடன் டெபியன் 13 வந்தபோது, பழையதற்கான பாதுகாப்பு ஆதரவு உடனே நின்றுவிடாததால், இரண்டு பெரும்பதிப்புகளையும் அருகருகே நிறுவி, எனக்குத் தோதான நாளில் தரவை மாற்றிக்கொண்டேன்.

இந்தத் தையல் வேலையிலும் ஆபத்து உண்டு. 2006-இல் டெபியன் தன் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருள் பொதியில் செய்த ஒரு மாற்றம், உருவாக்கப்படும் மறையாக்கச் சாவிகளை எளிதில் ஊகிக்கத்தக்கவையாக்கியது. அது வெளிப்பட்டது 2008 மே மாதத்தில்தான். மறுபுறம், 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழைய வைக்கப்பட்ட இரகசிய வழி) கண்டுபிடிக்கப்பட்டபோது, அடுத்த நிலைப்பதிப்பு உருவாகும் டெபியனின் சோதனைக் கிளை வரை வந்துவிட்ட அவை நிலைப்பதிப்பை எட்டியிருக்கவில்லை. அதை நிலைப்பதிப்பின் திறமை என்பதைவிட, தாமதம் தந்த அவகாசம் என்பதே நேர்மையானது.

பல நூறு சர்வர்களைத் தானியங்கிச் சோதனைகளுடன் நடத்துவோருக்கு இந்தக் கணக்கு மாறக்கூடும். அந்த அளவில் எனக்கு அனுபவமில்லை. அண்மையில் சந்தைக்கு வந்த வன்பொருளுக்கும் பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இடைஞ்சலாகலாம். என் மேசைக் கணினியில் இன்னும் தொடர் வெளியீட்டையே வைத்திருக்கிறேன். ஒரு காலை அது கிளம்ப மறுத்தால் காத்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.