வட்டக் குடிலும் தூண்மேல் நின்ற அடுக்ககமும்: கட்ச் நிலநடுக்கம் வைத்த தேர்வு

2001 ஜனவரி 26 அன்று காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பச்சாவ் நகரை ஒட்டிய பகுதியில் நிலம் அதிர்ந்தது. நிலநடுக்கத்தின் அளவு 7.7. அரசுக் கணக்கின்படியே 13,000 பேருக்கு மேல் இறந்தனர். அதே மாவட்டத்தின் பன்னிப் புல்வெளியில் மண்ணால் எழுப்பிய 'புங்கா' என்னும் வட்டக் குடில்களில் பெரும்பாலானவை நிலைத்து நின்றன. 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்திலோ, பொறியாளர் வரைபடத்துடன் கட்டப்பட்ட கான்கிரீட் அடுக்குமாடிகள் எழுபது வரை நொறுங்கின. இதை வைத்து "மண் வென்றது, கான்கிரீட் தோற்றது" என்று எழுதியவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு அவசரமானது என்பதே என் எண்ணம்.

நிலம் அசையும்போது கட்டடத்தின் மீது செயல்படும் விசை அதன் எடைக்கு ஏற்பக் கூடுகிறது. புங்காவின் கூம்புக் கூரை புல் வேய்ந்தது. அது சரிந்து விழுந்தாலும் உள்ளே இருப்பவர் பிழைக்க வழி உண்டு. சுவர் வட்டமாக இருப்பதால், அதிர்வு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் சுவரின் ஏதோ ஒரு பகுதி தன் நீளவாக்கில் அதைத் தாங்கிக்கொள்கிறது. செவ்வக வீட்டில் விரிசல் முதலில் தொடங்கும் மூலைகள் இதில் கிடையாது. கதவும் சன்னல்களும் சிறியவை. ஆனால் பராமரிப்பில்லாமல் விடப்பட்ட புங்காக்களும், மண் சாந்தில் அரைகுறையாகக் கல் அடுக்கிக் கட்டியவையும் அன்று சேதமடைந்தன. மண் என்பதற்காக எதுவும் தப்பிவிடவில்லை.

அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல, தரைத்தளத்தை வாகனம் நிறுத்தத் திறந்துவிட்டு அதன்மேல் நான்கு மாடி எழுப்பிய கட்டடங்கள். மேல்தளங்களில் தூண்களுக்கிடையே செங்கல் சுவர்கள் நெருக்கமாக இருந்ததால் அவை ஒற்றைப் பெட்டிபோல் விறைத்து நின்றன. கீழே வெறும் தூண்கள். அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்திலேயே குவிய, தூண்களின் தலையும் அடியும் முறிந்தன. தூணைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையங்கள், அதாவது நம் கம்பி கட்டுபவர்கள் 'ரிங்' என்று சொல்பவை, இடைவெளி அதிகமாக இருந்ததும், அவற்றின் நுனிகள் 135 பாகைக்கு உள்நோக்கி வளைக்கப்படாமல் 90 பாகையோடு நின்றுவிட்டதும் முறிவை விரைவுபடுத்தின. ஒரு கட்டடத்தின் விலையில் இந்த வளைவுக்கான செலவு எத்தனை சிறியது என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

நிலத்தின் பங்கையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சபர்மதி ஆற்றின் ஆழமான வண்டல் படிவு, தொலைவிலிருந்து வந்த, மெதுவாக ஆட்டும் அலைகளைப் பெருக்கியது. அத்தகைய அலைகள் இடைப்பட்ட உயரமுள்ள கட்டடங்களையே அதிகம் ஆட்டுகின்றன. அதே நகரின் பழைய 'போள்' குடியிருப்புகளில் மரச்சட்டங்களோடு கட்டிய வீடுகள் ஓரளவு நன்றாகவே தப்பின என்பதற்கு மரப் பிணைப்பு ஒரு காரணம். அவற்றின் குறைந்த உயரமும் உடன் உதவியிருக்க வேண்டும். ஆகவே அவற்றை அடுக்ககத்தோடு நேருக்கு நேர் நிறுத்தி மதிப்பெண் போடுவது நியாயமாகாது.

மூன்றாவது தேர்வு, பலரும் பேசத் தயங்குவது, கல் வீடு. கட்ச் கிராமங்களில் உயிர்களைப் பறித்தது பெரும்பாலும் மண் சாந்தில் அடுக்கிய ஒழுங்கற்ற கல் சுவர்தான். சுவரின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியே பிரிந்து சரிந்தன. அஞ்சார் நகரின் குறுகிய தெருவில் குடியரசு நாள் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது விழுந்தவையும் இருபுறத்துக் கட்டடங்களே. 1993 செப்டம்பர் 30 விடியலுக்கு முன் மகாராஷ்டிரத்தில், லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரியை உலுக்கிய நிலநடுக்கத்திலும் இதே வகைச் சுவர்களே மக்களைப் புதைத்தன. ஆனாலும், இருமுகத்தையும் கோக்கும் நீளக்கற்களை இடையிடையே வைத்து, அடித்தளம், லிண்டல் (கதவு, சன்னல்களின் மேல்விளிம்பு), கூரை ஆகிய மட்டங்களில் கம்பி வைத்த கான்கிரீட் பட்டையை, அதாவது 'பெல்ட்'டை, சுற்றினால் அதே கல் சுவர் பிணைந்து நிற்கும். பல அறைகள் தேவைப்படும், மாடி எழுப்ப ஆசைப்படும் குடும்பத்துக்குப் புங்கா போதாது. அவர்களுக்கு, மூன்றில் நான் முதலில் பரிந்துரைப்பது பெல்ட் சுற்றிய சுவர் வீட்டையே.

மறுகட்டுமானத்திலும் இரு வழிகள் எதிரெதிரே நின்றன. லாத்தூர் பகுதியில் மிகவும் சிதைந்த 52 கிராமங்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, ஒப்பந்ததாரர்களைக் கொண்டு கட்டம் போட்ட தெருக்களில் கட்டப்பட்டன. உறவுக்காரர்கள் அடுத்தடுத்து வாழ்ந்த பழைய அமைப்பு அதில் கலைந்தது. கட்ச்சில் பெரும்பான்மையோர் தம் பழைய மனையிலேயே தாமே கட்டிக்கொண்டனர். பொறியாளர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்த பிறகே உதவித்தொகையின் அடுத்த தவணை கிடைத்தது. இந்த வழியில் கட்டுபவரே பெல்ட் எதற்கு என்று கற்றுக்கொள்கிறார்; கொத்தனாரும் கற்கிறார். நிலமும் பட்டாவும் இல்லாதவர், முதியவர், தனித்து வாழும் பெண்கள் ஆகியோருக்குக் கூடுதல் துணை இல்லாவிட்டால் இது சுமையாகிவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது. இருப்பினும் வேறிடத்தில் நேர்த்தியாக நிற்கும் அந்நிய வீட்டைவிட இதையே நான் தேர்வேன்.

2002இல் திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்க விதிநூல், திறந்த தரைத்தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் வழக்கமான கணக்கைவிட இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கும் வழியைச் சேர்த்தது. அதே திருத்தத்தில்தான் சென்னை நிலநடுக்க அபாய வரைபடத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து, அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. அதற்கு முன் ஸ்டில்ட் பார்க்கிங்கோடு, அதாவது வாகனம் நிறுத்தத் திறந்துவிட்ட தரைத்தளத்தோடு, எழுந்த சென்னை அடுக்ககங்களில் குடியிருப்போர், காரை நிறுத்தும்போது ஒருமுறை தூண்களுக்கிடையே பார்க்கலாம். வண்டி போகத் தேவையில்லாத சில இடைவெளிகளில் அடித்தளத்திலிருந்தே கான்கிரீட் சுவர் எழுப்பவோ தூண்களைத் தடிப்பாக்கவோ இடமிருக்கிறதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல முடியும்.