ஃபிஷ்மேன் பவர்பிரிட்ஜ்: வாங்கலாம், ஆனால் எதில் செருகப் போகிறீர்கள்?

ஃபிஷ்மேன் பவர்பிரிட்ஜ் என்பது எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பதிலாகப் போடுவது; அதற்குள் இருக்கும் பீசோ என்ற பிக்கப் அக்கூஸ்டிக் கிட்டார் மாதிரிச் சத்தம் தருவதற்காக. லெஸ் பால் வகை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றில் அதன் டியூனோமேட்டிக் மாடலும் கூடவே பவர்சிப் ப்ரீஆம்பும் (சிக்னலைப் பக்குவப்படுத்தி அனுப்பும் சர்க்யூட்) போட்டு மேடையில் நிறைய வாசித்தாகிவிட்டது. வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கிவிட்டு வழக்கமான எலெக்ட்ரிக் ஆம்பிலேயே செருகி, பெடல் எதுவும் சேர்க்காமல், அக்கூஸ்டிக் சத்தம் வர வேண்டும் என்று நினைத்தால் அந்தப் பணத்தைச் செலவு செய்யாதீர்கள்.

எங்களைப் போல மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர்களுக்கு இதன் தேவை தெரியும். பல்லவிக்கு முன்னால் மெல்லிய ஆர்பெஜியோ, இரண்டாவது இன்டர்லூடில் டிஸ்டார்ஷன் லீட், உடனே சரணத்துக்கு மறுபடி ஸ்ட்ரம்மிங். நடுவில் கிட்டார் மாற்ற நேரமே கிடையாது. அதோடு பெரிய சப்வூஃபர் பக்கத்தில் நிஜ அக்கூஸ்டிக்கை வைத்துக்கொண்டு நின்றால் ஃபீட்பேக் ஊளையிடும், உள்ளே வெற்றிடம் இல்லாத கட்டைக் கிட்டாரில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது பிடித்துப்போனது. யோசனை புதிதல்ல, 1993இல் வந்த பார்க்கர் ஃப்ளை கிட்டாரிலேயே வழக்கமான காந்தப் பிக்கப்பும் ஃபிஷ்மேன் பீசோவும் சேர்ந்து இருந்தன.

சரி, சத்தத்துக்கு வருவோம். காந்தப் பிக்கப் கம்பியின் அசைவைப் பிடிக்கிறது. பீசோ, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலுக்குள் உட்கார்ந்து கம்பி தரும் அழுத்தத்தை மின்சாரமாக மாற்றுகிறது. ஆனால் பெட்டி இல்லையே! ட்ரெட்னாட் என்ற பெரிய அக்கூஸ்டிக் கிட்டாரில் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் வாக்கிலும் மேல்பலகை 200 ஹெர்ட்ஸ் வாக்கிலும் அதிர்ந்துதான் அந்த வயிறு நிறைந்த சத்தம் வருகிறது. கட்டைக் கிட்டாரில் அது எதுவும் நடப்பதில்லை, அதனால் பீசோவுக்கு அதைக் கேட்கவும் வழியில்லை. நமக்குக் கிடைப்பது கம்பியைத் தட்டும் கூர்மையும், கிட்டார்காரர்கள் குவாக் என்று சொல்லும் அந்த மூக்கால் பேசுகிற சத்தமும்தான். எந்தக் கம்பெனி பீசோவாக இருந்தாலும் பச்சையாகக் கேட்டால் இப்படித்தான் இருக்கும்.

ப்ரீஆம்பை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பீசோ ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். 1 நானோஃபேரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 1 மெகாஓம் தடை உள்ள உள்ளீட்டில் செருகும்போது சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் இறங்க ஆரம்பித்துவிடும். ஆறாவது கம்பியின் திறந்த ஈ ஸ்வரமே 82 ஹெர்ட்ஸ்தான், அப்படியானால் பேஸ் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அதுவே 10 மெகாஓம் என்றால் இறக்கம் 16 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும், ஒன்றும் குறையாது. பவர்சிப் கிட்டாருக்குள்ளேயே இருந்து இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது. மோனோ கேபிள் செருகினால் இரண்டு பிக்கப்பையும் கலந்து அனுப்பும், ஸ்டீரியோ கேபிள் என்றால் தனித்தனியாகப் பிரித்துத் தரும். இந்தப் பிரிக்கும் வசதிதான் என்னைப் பொறுத்தவரை இதில் உள்ள மிகப் பெரிய விஷயம். மோனோவில் வாசித்துவிட்டு பீசோ நன்றாக இல்லை என்று சொல்பவர்கள் ஒரு தடவை ஸ்டீரியோவை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் வாங்கிப் பார்க்க வேண்டும். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் ஒழுங்காக வெளியே விடாது. டிஸ்டார்ஷனுக்கு அது நல்லது, அக்கூஸ்டிக்கின் மினுமினுப்போ அங்கேயே செத்துப்போகும். காந்தப் பிக்கப் ஆம்புக்குப் போகட்டும், பீசோ டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக நேரே மிக்ஸருக்குப் போகட்டும்.

இனி முக்கியமான இடம், ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்). ஒரு நிஜ அக்கூஸ்டிக்கை மைக்கிலும் அதன் பிக்கப்பிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு எடுத்த கோப்பு அது. இல்லாத பெட்டியை அதுதான் திருப்பிக் கொண்டுவருகிறது. நான் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெடல் வைத்திருக்கிறேன். இடது உள்ளீட்டில் காந்தம், வலதில் பீசோ, இரண்டுக்கும் தனிப் பாதை, பீசோ பாதையில் மட்டும் ஐஆர். முழுக்க ஐஆர் போட்டால் சத்தம் பின்னால் போய்க் குழம்பிவிடுகிறது, நேர்ச் சத்தத்தோடு பாதிக்குப் பாதி கலக்கும்போதுதான் கார்டு வாசித்தால் ஒவ்வொரு கம்பியும் கேட்கிறது. அந்த ஐஆர் அநேகமாக வேறொரு அக்கூஸ்டிக்கின் பீசோவை வைத்து எடுத்ததாக இருக்கும், உங்கள் கட்டைக் கிட்டாருக்கு அப்படியே பொருந்தாது, அதனால் நாலைந்தைப் போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் ஒரே குமிழ் உள்ள டிசி எலெக்ட்ரானிக் பாடிரெஸ் பெடல் இருக்கிறது. ஃபிஷ்மேனின் ஆரா பெடல்களும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

ஐஆர் இல்லாவிட்டாலும் ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்குவது) கட்டாயம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 1500 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் குவாக் எங்கே துருத்துகிறது என்று தேடி அங்கே 3, 4 டெசிபல் குறையுங்கள், 8000க்கு மேலே மெதுவாகச் சாய்த்துவிடுங்கள். மிக்ஸரில் நிற்பவர் எலெக்ட்ரிக் கிட்டார்தானே என்று மிட்டை, அதாவது நடு அலைவரிசையை ஏற்றிவிடுவார், சவுண்ட் செக்கின்போதே இந்தச் சேனல் அக்கூஸ்டிக் அண்ணா என்று சொல்லி வைப்பது நல்லது.

கம்பி விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. வழக்கமான 10 செட்டில் (முதல் கம்பி 0.010 அங்குலம்) மூன்றாவது கம்பி சுற்று இல்லாத வெறும் கம்பி, பீசோவில் அது மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டு கேட்கும். சுற்றிய மூன்றாவது கம்பியோடு வரும் 11 செட் போட்டதும் ஸ்ட்ரம்மிங் அக்கூஸ்டிக் மாதிரி ஆகிவிட்டது, ஆனால் அதில் பெண்டிங் கஷ்டம், லீட் அதிகம் வாசிக்கிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். அக்கூஸ்டிக்குக்குப் போடும் பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கல) கம்பிகள் வேண்டவே வேண்டாம், காந்தப் பிக்கப்பில் சுற்றிய கம்பிகள் சோர்ந்துபோகும். ஏதாவது ஒரு கம்பி மட்டும் சத்தம் குறைவாக இருந்தால் கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், சாடில் மேல் அழுத்தம் கூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்ட்ரம்மிங்குக்கு 0.60 மில்லிமீட்டர் பிக் போதும்.

நெக் பக்கத்துக் காந்தப் பிக்கப்பைத் துளி அளவு சேர்த்தால் சத்தம் இன்னும் தடிக்கிறது. சேர்த்ததும் பேஸ் காணாமல் போனால் இரண்டும் ஃபேஸ் மாறி ஒன்றையொன்று அழிக்கின்றன என்று அர்த்தம், பீசோ பாதையில் போலாரிட்டியைத் திருப்புங்கள்.

பொருத்துவதை மட்டும் அனுபவம் உள்ள லூதியரிடம் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) கொடுங்கள். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து உள்ளறைக்கு ஒயர் போக மரத்தில் துளை போட வேண்டும், 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் பார்க்க வேண்டும், உங்கள் பிரிட்ஜைத் தாங்கும் போஸ்டின் விட்டத்தை ஆர்டர் செய்யும் முன்பே அளந்துகொள்ள வேண்டும். ஸ்ட்ராட் வகைக் கிட்டார் என்றால் கிராஃப் டெக் கோஸ்ட் பீசோ சாடில்களையும் பாருங்கள், பின்னாளில் அதே சாடில்களோடு சிந்தசைசரை இயக்க உதவும் மிடி போர்டும் சேர்க்கலாம். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும்.