மெஹ்தி ஹசன் பழைய எல்.பி.: கீறலோடு 900 ரூபாய்

ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கியது. பாகிஸ்தான் பாடகர் மெஹ்தி ஹசன் மேடையில் பாடிய கஜல்கள் (ஈரடி ஈரடியாகப் போகும் உருதுக் கவிதைகள்), இரட்டை எல்.பி., அதாவது இரண்டு இசைத்தட்டு, 900 ரூபாய். "கீறலே இல்லை சார், புதுசு மாதிரி" என்றார். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் முதல் தட்டின் இரண்டாம் பக்கத்தில் நகத்தால் இழுத்த மாதிரி ஒரு கோடு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் 1.8 நொடிக்கு ஒரு டக், தபலாவுக்குப் போட்டியாக. போன் செய்தேன், எடுக்கவில்லை. ஒரு ஸ்டார் அங்கேயே போச்சு.

சரி, பாட்டுக்கு வருவோம். கோடு விழுந்த பக்கத்தில்தான் 'ரஞ்சிஷ் ஹி சஹி' இருக்கிறது. உருதுக் கவிஞர் அகமத் ஃபராஸ் எழுதியது. இந்துஸ்தானி யமன் ராகம், நம் கர்நாடக சங்கீதத்துக் கல்யாணிக்குப் பக்கத்து வீடு. எனக்கு உருது தெரியாது, அர்த்தத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்டேன். ஒவ்வொரு ஈரடியும் 'ஆ', அதாவது 'வா' என்று முடிகிறது. நம் இயைபுத் தொடை மாதிரிதான், ஆனால் கடைசியில் அதே சொற்கள் அப்படியே திரும்ப வரும் (ரதீஃப் என்கிறார்கள்), அதற்கு முந்தைய சொல் மட்டும் ஓசை ஒத்து மாறும், அது காஃபியா. எங்கே போய் முடியும் என்பது தெரியும், எந்தச் சொல் வழியாகப் போகும் என்பதுதான் தெரியாது. மனிதர் முதல் அடியையே நாலைந்து தடவை சுற்றிச் சுற்றிப் பாடி இரண்டாம் அடியைத் தராமல் இழுத்தடிக்கிறார், கூட்டத்தில் யாரோ பொறுக்க முடியாமல் 'வாஹ்' என்கிறார்கள், அப்புறம்தான் காஃபியா விழுகிறது. நிரவல் (கச்சேரியில் ஒரே வரியை விதவிதமாகத் திரும்பத் திரும்பப் பாடுவது) கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். அந்த 'வா' ஒரு தடவை கெஞ்சல், ஒரு தடவை சண்டை, ஒரு தடவை 'வராட்டிப் போ' மாதிரி. குரலை உயர்த்தாமலே இதையெல்லாம் செய்கிறார். ராஜஸ்தானின் லூணா கிராமத்தில் பிறந்து, பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானில் சைக்கிள் கடையிலும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தவர்!

இரண்டாவது தட்டு சுமார்தான், தபலாவை முன்னால் வைத்துக் குரலைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் உறையின் படத்தை நம்ப வேண்டாம், தட்டை விளக்கொளியில் சாய்த்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திருப்பித் தருவாயா என்று என் தம்பி கேட்டான். மாட்டேன். இப்போது அந்தப் பக்கம் மனப்பாடம், நாலாவது டக்குக்கு அப்புறம் அந்த 'ஆ' வரும்.