பாண்டி பஜார் நடைபாதை: அம்மாவின் முழங்காலை நம்பி ஒரு மதிப்பீடு

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முன்பெல்லாம் சென்னை தி.நகரின் கடைவீதியான பாண்டி பஜார் என்றாலே, "நீயே போய் வாங்கிட்டு வா" என்பார். போன சனிக்கிழமை அவராகவே கிளம்பினார்.

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, 2023-இல் திறந்த ஆகாய நடைமேம்பாலத்தில் தி.நகர் பேருந்து நிலையம் வரை வந்தோம். ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் நடப்பதே தனி சுகம். அங்கிருந்து பனகல் பூங்காவுக்கு ஆட்டோ.

பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலையில் 2019 நவம்பரில் திறந்த இந்த நடைபாதையின் பெரிய பலம் அகலம்தான். வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நானும் அம்மாவும் கைகோத்து நடக்க, எதிரே ஒரு குடும்பமே வந்தும் யாரும் சாலையில் இறங்க வேண்டியிருக்கவில்லை. சென்னையில் இது சின்ன விஷயமா? அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்தார், இரண்டு நைட்டி வாங்கினார், பேரம் பேசும் தெம்பும் மிச்சமிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. மர நிழல் விழாத இருக்கைகள் பகல் பதினோரு மணிக்கே சுட்டன. இன்னும் மரம் வேண்டும். அப்புறம், நடைபாதையிலேயே ஒருவர் பைக்கை ஏற்றி வந்து எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தார். அம்மா நகரவே இல்லை.

ஐந்துக்கு நான்கு. மாலை ஐந்துக்கு மேல் போங்கள், காரை வீட்டில் விட்டுவிட்டு.