இலவச ஊசியா, காசு ஊசியா? குழந்தைத் தடுப்பூசிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால்

தமிழ்நாட்டில் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே பல வீடுகளில் இரண்டு அட்டவணைகள் சேர்ந்துவிடுகின்றன. ஒன்று அரசின் தாய் சேய் நல அட்டை. இன்னொன்று குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில் கொடுக்கும் ஃபைல். ஃபைலில் ஊசிகளின் பெயர்கள் கூடுதல், சில பெயர்கள் வேறு, சில தேதிகளும் வேறு. "காசு கொடுத்தா நல்ல ஊசியாத்தானே போடுவாங்க? சும்மா போடுறதுல என்ன இருக்கும்?" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டால் போதும், பச்சை உடம்புக்காரி அன்றிரவு தூங்க மாட்டாள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரைக் குடிக்கும் நோய்களைப் பொறுத்தவரை, பெற்றோர் பயப்படும்படியான வித்தியாசம் இந்த இரண்டு வழிகளுக்கும் இல்லை. கையில் காசு இருந்தால் அரசுப் பட்டியலில் இல்லாத ஊசிகளுக்குச் செலவழியுங்கள். இலவசமாகக் கிடைப்பதையே விலை கொடுத்து வாங்குவது அதற்கு அடுத்ததுதான்.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. (காசநோய்க்கான ஊசி), போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி மூன்றிலும் ஒப்பிட ஒன்றுமில்லை. எங்கே பிரசவமானாலும் ஹெபடைட்டிஸ் பி ஊசி 24 மணி நேரத்துக்குள் போடப்பட்டதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரங்களில் வீங்கி, உடைந்து, தழும்பாகும். அது இயல்பு. அதில் மருந்தோ மஞ்சளோ தடவ வேண்டாம்.

பென்டாவா, "பெயின்லெஸ்" ஊசியா?

உண்மையான குழப்பம் ஆறாவது வாரத்தில்தான் ஆரம்பிக்கிறது. அரசு போடுவது பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் (நிமோனியாவும் மூளை உறை அழற்சியும் உண்டாக்கும் ஒரு கிருமி) என்ற ஐந்துக்கும் ஒரே ஊசி. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் இதைத் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும்தான். கிளினிக்கில் பெரும்பாலும் சொல்வது ஹெக்ஸாவேலன்ட். அந்த ஐந்தோடு போலியோவும் சேர்ந்த ஊசி, ஒரு தவணைக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

கிளினிக்கில் போடும் இந்த ஹெக்ஸாவைத்தான் பெரும்பாலும் "பெயின்லெஸ்" என்கிறார்கள். ஊசி குத்தும் வலி இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் அதற்குப் பிறகு. பென்டாவில் இருப்பது கொல்லப்பட்ட முழு கக்குவான் கிருமி. அதன் உடலில் உள்ள பல பொருட்களையும் குழந்தையின் எதிர்ப்பு சக்தி ஒரே நேரத்தில் சந்திப்பதால் காய்ச்சல், தொடையில் வீக்கம், சிணுங்கல் எல்லாம் கூடுதல். பெயின்லெஸ் வகையில் கிருமியிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த சில புரதங்கள் மட்டுமே. உடம்பு அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை.

என் மூத்தவளுக்கு சுகாதார நிலையத்தில் பென்டா, இளையவனுக்கு கிளினிக்கில் ஹெக்ஸா. மூத்தவள் அன்றிரவு முழுக்க மடியிலேயே கிடந்தாள். தொடையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, டயப்பர் மாற்றக் காலைத் தொட்டாலே அழுகை. மறுநாள் மாலைக்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இளையவன் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான். அந்த ஒரு ராத்திரி நிம்மதிக்கு விலை உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகும் தாய், உதவிக்கு ஆளில்லாத வீடு என்றால் அந்த விலை நியாயமாகவே படலாம்.

ஆனால் அந்தக் காசு கூடுதல் பாதுகாப்பை வாங்கித் தருவதில்லை. கக்குவான் விஷயத்தில் சுத்தம் செய்த வகையின் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. அமெரிக்கா 1990களில் முழுவதுமாக அந்த வகைக்கு மாறியது. 2010-ல் கலிபோர்னியாவில் 9,000 பேருக்கு மேல் கக்குவான் வந்து, 10 பச்சிளம் குழந்தைகள் இறந்தன. சீக்கிரம் தேயும் பாதுகாப்பும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். முழுக் கிருமி ஊசியைப் பயன்படுத்தும் நாடுகள் முதல் மூன்று தவணைகளுக்கு அதையே தொடர வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஹெக்ஸா போட்டவர்கள் பூஸ்டர்களைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

"குத்துற எண்ணிக்கையாவது குறையுமே" என்பார்கள். எண்ணிப் பாருங்கள். அரசு முறையில் 6-வது வாரம் பென்டா, நிமோனியா ஊசி, தோலில் போடும் போலியோ ஊசி என மூன்று குத்து. 10-வது வாரம் ஒன்று, 14-வது வாரம் மறுபடி மூன்று. மொத்தம் ஏழு. கிளினிக் முறையில் ஒவ்வொரு முறையும் ஹெக்ஸாவும் நிமோனியா ஊசியும், ஆக ஆறு. மிச்சம் ஒரே ஒரு குத்து.

பெயின்லெஸ் ஊசியை யாருக்குக் கட்டாயம் யோசிக்க வேண்டும்? முதல் பென்டாவுக்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் தேற்றவே முடியாமல் அழுத குழந்தை, கடும் காய்ச்சல் வந்த குழந்தை, வலிப்பு வந்த குழந்தை. இவர்களின் அடுத்த தவணையைப் பற்றி டாக்டரிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

ஹெக்ஸா போட்டிருந்தாலும் போலியோ சொட்டு மருந்து முகாம் நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஊசி குழந்தையைக் காக்கும். சொட்டு மருந்து குடலிலும் எதிர்ப்பு சக்தியை உண்டாக்குவதால் கிருமி மற்றவர்களுக்குப் பரவுவதும் குறையும்.

நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்

நிமோனியா ஊசி ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் பட்ஜெட்டையே உடைத்தது. 2021 முதல் நாடு முழுக்க அரசே இலவசமாகப் போடுகிறது. அரசு முறையில் 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று தவணை. கிளினிக்கில் நான்கு. மூன்று தவணை முறையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதுதான். கிருமி வகைகளின் எண்ணிக்கையிலும் வித்தியாசம் உண்டு. சீரம் இன்ஸ்டிட்யூட்டின் நியூமோசில் 10 வகைகளுக்கு எதிரானது, பிரெவனார் 13 பதின்மூன்றுக்கு. நியூமோசிலில் உள்ள பத்தும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் அதிகம் நோய் உண்டாக்கும் வகைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு அரசு ஊசியே போதும் என்பது என் கருத்து. குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை என்றால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்திலும் இதே கதை. இந்தியாவில் தயாரான ரோட்டாவேக் மருந்தின் பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் நடந்தது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது ஏறத்தாழ 55 சதவீதம் தடுத்தது. குறைவாகத் தெரியலாம். ஆனால் விலை உயர்ந்த வெளிநாட்டு மருந்துகளும் ஏழை நாடுகளில் ஏறத்தாழ இந்த அளவில்தான் வேலை செய்திருக்கின்றன. அரசு மருந்து மூன்று தவணை, கிளினிக் மருந்துகளில் சில இரண்டே தவணை என்பதுதான் நடைமுறையில் உள்ள வேறுபாடு. முடிந்தவரை எந்த மருந்தில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே முடியுங்கள்.

எம்.ஆரா, எம்.எம்.ஆரா?

காசு செலவழிக்கலாம் என்று நான் தயங்காமல் சொல்லும் இடம் இது. அரசு 9-வது மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். கிளினிக்கில் போடும் எம்.எம்.ஆரில் பொன்னுக்கு வீங்கியும் சேரும். பொன்னுக்கு வீங்கியை நம் வீடுகளில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டால் போய்விடும் என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் போய்விடும், உண்மைதான். ஆனால் சிலருக்குக் காது கேட்காமல் போகும், சிலருக்கு மூளை உறை அழற்சி வரும், பருவ வயதுப் பையன்களுக்கு விதைப்பை வீங்கும். 2024-ல் கேரளாவில் அது பெரிய அளவில் பரவியது.

இங்கே கலந்து போடுவதும் எளிது. முதல் தவணை எம்.ஆரை 9-வது மாதத்தில் அரசிலேயே போட்டுவிடுங்கள், எம்.எம்.ஆருக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவதுக்கு டாக்டரைக் கேட்டு எம்.எம்.ஆர். போடுங்கள், விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். போட்டதைச் செவிலியரிடம் சொல்லி அரசு அட்டையிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019-ல் வெளியானபோதும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எம்.ஆர். முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் உண்டு. அந்த வதந்தி தட்டம்மையிலிருந்து எந்தப் பிள்ளையையும் காப்பாற்றவில்லை.

கிளினிக் பட்டியலில் மட்டும் இருப்பவை

டைபாய்டு ஊசியை எம்.எம்.ஆருக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு தவணை. நம் ஊர்த் தண்ணீரையும் வெளிச் சாப்பாட்டையும் நினைத்தால், மருந்துக்குக் கட்டுப்படாத டைபாய்டு கிருமிகள் பெருகுவதையும் நினைத்தால், இது ஆடம்பரம் இல்லை. அடுத்து சின்னம்மை ஊசி, இரண்டு தவணை. சின்னம்மை சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாகப் போய்விடும். வயது ஏறிய பின் வந்தால் படுத்தும். பிறகு ஹெபடைட்டிஸ் ஏ, ஃப்ளூ. மெனிங்கோகாக்கல் (ஒரு வகை மூளை உறை அழற்சிக்கான) ஊசி குறிப்பிட்ட நோயுள்ள குழந்தைகளுக்கும் சில நாடுகளுக்குப் பயணம் செய்கிறவர்களுக்கும்தான் முக்கியம். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் போட வேண்டிய கட்டாயமில்லை. டாக்டரிடம் "எங்க பட்ஜெட் இவ்வளவுதான் சார், எதை முதல்ல போடலாம்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் வரிசைப்படுத்தித் தருவார்.

ஒரு ஊசி மட்டும் தலைகீழ். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியை கடலூர், விழுப்புரம் போன்ற, நோய் கண்டறியப்பட்ட மாவட்டங்களில் அரசே போடுகிறது. அந்த மாவட்டங்களில் இருந்துகொண்டு கிளினிக்கை மட்டும் நம்பினால் இது விட்டுப்போக வாய்ப்புண்டு.

இடத்தையும் ஒப்பிட வேண்டும்

சுகாதார நிலையத்தில் புதன்கிழமை கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், உட்கார இடம் கிடைக்காமலும் போகலாம். கிளினிக்கில் நேரம் வாங்கிக்கொண்டு போகலாம், டாக்டர் எடை பார்ப்பார், சந்தேகங்களைக் கேட்கலாம். இந்த வசதியை மறுக்க முடியாது.

ஆனால் மருந்தைக் குளிர் குறையாமல் காப்பதில் அரசு ஏற்பாட்டைக் குறைவாக எடை போடாதீர்கள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் இருக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் இருக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டி ஒரு நாளில் எட்டு மணி நேரம் கரன்ட் இருந்தாலே குளிரைக் காக்கும். வெப்பநிலையைத் தினமும் இருமுறை குறித்து வைப்பார்கள். ஒருமுறை நான் கேட்டபோது செவிலியர் பென்டா மருந்துக் குப்பியை என் கண்ணெதிரே திருப்பிக் காட்டினார். "இந்த வட்டத்துக்குள்ள ஒரு கட்டம் தெரியுதா பாரும்மா? கட்டம் வட்டத்தைவிட வெளுப்பா இருந்தா மருந்து நல்லா இருக்கு. ரெண்டும் ஒரே நிறமாயிட்டா நாங்க தூக்கிப் போட்டுடுவோம்." வெப்பம் பட்டால் அந்தக் கட்டம் கறுத்துக்கொண்டே போகும், திரும்ப வெளுக்காது. நீங்களும் பார்க்கக் கேளுங்கள், தயங்க வேண்டாம். கிளினிக்கில் கேட்க வேண்டியது வேறு: கரன்ட் போனால் ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ உண்டா? எக்ஸ்பைரி தேதியைக் காட்டுவீர்களா? குப்பியின் ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டித் தருவீர்களா?

எங்கே போட்டாலும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். குத்திய இடத்தைத் தேய்க்காதீர்கள். பாரசிட்டமால் சொட்டு எவ்வளவு என்பதை அன்றைய எடையைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கலந்து போடலாமா?

தாராளமாக. முதல் பென்டா அரசிலும் இரண்டாவது ஹெக்ஸா கிளினிக்கிலும் போட்ட குழந்தைகள் ஏராளம். முதல் மூன்று தவணையும் ஒரே வகையாக இருப்பது நல்லது, ஆனால் அதற்காகத் தேதியைத் தள்ளுவது கூடாது. குழந்தையிடம் ஒரே ஒரு முழுமையான பதிவு இருப்பதுதான் முக்கியம். சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களிடம் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிகளுக்கான ஆதாரம் கேட்கிறார்கள். அங்கே போய்ப் பழைய ஃபைலைத் தேடுவது பெரும்பாடு.

நான் அதிகம் பயப்படுவது இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே விழும் குழந்தையைப் பற்றித்தான். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் பெயின்லெஸ் போடலாம் என்று காத்திருந்து, பத்தாவது வாரம் இருபதாவது வாரமாகிவிடும். கக்குவான் மிகக் கொடுமையாகத் தாக்குவது அந்தச் சின்ன மாதங்களில்தான். ஸ்டாக் இல்லை என்று கிளினிக் சொன்னால் அந்த வாரப் புதன்கிழமையே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஏற்கெனவே தாமதமாகியிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பென்டாவை ஒரு வயதுக்குள் ஆரம்பிக்கலாம், எம்.ஆரை ஐந்து வயது வரை போடுவார்கள். ஏன் இவ்வளவு லேட் என்று யாராவது கடிந்துகொண்டாலும் பரவாயில்லை, அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.