"ஒரு வருஷ சீட்டு ஈஸியா வாங்கிடலாம் டாக்டர்"னு எவனாவது சொன்னா பணம் கட்டிடாதீங்க

எம்பிபிஎஸ் முடிச்சுட்டு யூஎஸ்எம்எல்இ (அமெரிக்காவுல டாக்டர் ட்ரெய்னிங் போக எழுதற பரீட்சை) ரூட்ல போற ஜூனியர்ஸுக்காக எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். என்ன ஏமாத்தின கன்சல்டன்சி பேரு போடல, கன்ஸ்யூமர் கமிஷன்ல மனு கொடுத்திருக்கேன், அது முடியுற வரைக்கும் போடவும் மாட்டேன், இன்பாக்ஸ்ல வந்து கேக்காதீங்க.

எனக்கு யூஎஸ்எம்எல்இ ஸ்டெப் 2 சிகே பரீட்சைல 241. மோசம் இல்ல, ஆனா பெருமையா சொல்லிக்கற ஸ்கோரும் இல்ல. 2025 மேட்சுக்கு (அங்க ட்ரெய்னிங் சீட்ட சாஃப்ட்வேர் வச்சு பிரிச்சுக் கொடுக்கறது) அப்ளை பண்ணணும்னு 2024 ஜூன்ல சென்னைல ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார். ஏசி ரூம், சுவர் ஃபுல்லா "மேட்ச்" ஆனவங்க போட்டோ, ஃபில்டர் காபி வேற. கவுன்சலர் என் ஸ்கோரப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்டர்னல் மெடிசின் மூணு வருஷ கேட்டகாரிகல், அதாவது முழு ட்ரெய்னிங்கும் சேந்த சீட்டெல்லாம் செம போட்டி டாக்டர். ஆனா ஒரு வழி இருக்கு. ட்ரான்சிஷனல் இயர்னு ஒண்ணு இருக்கு, ஒரே வருஷம்தான், ஒரு வருஷம்ங்கறதால எவனும் சீண்ட மாட்டான். மொதல்ல உள்ள போயிடுங்க, அப்புறம் அங்கிருந்தே தாவிக்கலாம்". அப்பா கேட்டார், "நம்ம ஊர் ஹவுஸ் சர்ஜன் மாதிரியா சார்?" "அதே தான் சார், கரெக்டா புடிச்சீங்க!"

நாங்க விழுந்தது அந்த ஒரு வார்த்தைல தான். நம்ம ஊர்ல சிஆர்ஆர்ஐ (ஹவுஸ் சர்ஜன் வருஷம்) எல்லாருக்கும் கிடைக்கும், படிச்ச காலேஜ்லயே பண்ணலாம், போட்டின்னு ஒண்ணு கிடையாது. அதனால ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்னு கேட்டதும் நம்ம மண்டைல ஈஸின்னு பதிஞ்சிடுது. அங்க கதையே வேற, அது எனக்குப் புரியறதுக்குள்ள ஃபீஸ் 1,75,000 போயிடுச்சு. அதுல பாதி அம்மா நகைய வச்சு எடுத்தது.

அங்க நிலவரம் என்னன்னா, டெர்மட்டாலஜி, ரேடியாலஜி, ரேடியேஷன் ஆன்காலஜி, பிஎம்ஆர் (மறுவாழ்வு மருத்துவம்), அனஸ்தீசியாவுல கொஞ்சம், நியூராலஜில கொஞ்சம், இதுல நிறைய சீட்டு "அட்வான்ஸ்டு", அதாவது ரெண்டாவது வருஷத்துல தான் ஆரம்பிக்கும். மொத வருஷத்த வேற எங்கயாவது பண்ணிட்டு வரணும். அதுக்கு மூணு வழி: ப்ரிலிம் மெடிசின், ப்ரிலிம் சர்ஜரி (ப்ரிலிம்னா அந்தத் துறைல மொத வருஷம் மட்டும்), இல்லன்னா ட்ரான்சிஷனல் இயர். மூணுலயும் ட்ரான்சிஷனல் தான் சொகுசு, எலெக்டிவ் (நாமளே விரும்பி எடுக்கற போஸ்டிங்) அதிகம், வார்டு மாசம் கம்மி, நைட் டியூட்டியும் பல இடத்துல கம்மி. அப்போ அதுக்கு யாரு வரிசைல நிப்பாங்க? டெர்மட்டாலஜியும் ரேடியாலஜியும் வாங்கற அளவுக்கு ஸ்கோர் வச்சிருக்க அமெரிக்க காலேஜ் டாப்பர்ஸ். சீட்டும் அங்க கம்மி, மொத்தமே ரெண்டாயிரத்துக்குள்ள. இன்டர்னல் மெடிசின் கேட்டகாரிகல் பத்தாயிரத்துக்கு மேல. நம்மள மாதிரி வெளிநாட்டு டாக்டர்ஸ் அதிகமா நுழையற வாசலே அந்தப் பத்தாயிரம் தான், அதை விட்டுட்டு என்னை டெர்மட்டாலஜிக்காரன் பின்னாடி க்யூல நிக்க வச்சு, அதுக்கு பேக்கப்னு பேரும் வச்சாரு அந்த மனுஷன். பஸ்ல சீட் இல்லன்னு ஃப்ளைட்ல வெயிட்டிங் லிஸ்ட் போட்டுக் கொடுத்த மாதிரி.

செப்டம்பர்ல அவங்க அப்ளை பண்ணப் போற ப்ரோக்ராம் லிஸ்ட் வந்துச்சு. ட்ரான்சிஷனல் 58, சர்ஜரி 40 (எல்லாமே ப்ரிலிம்), இன்டர்னல் மெடிசின் 35, ரேடியாலஜி 25. 241 வச்சுக்கிட்டு ரேடியாலஜி எதுக்குன்னு கேட்டேன். "ட்ரான்சிஷனலுக்கு ஜோடி காட்டணும்ல டாக்டர்"னாரு, நானும் தலையாட்டினேன். ஈராஸ் (அப்ளிகேஷன் போடற வெப்சைட்) ஃபீஸ் ஒவ்வொரு ஸ்பெஷாலிட்டிக்கும் தனித்தனியா கணக்காகும், அந்த சீசன்ல மொத 30 ப்ரோக்ராமுக்கு தலா 11 டாலர், 31ல இருந்து தலா 30 டாலர். ட்ரான்சிஷனலுக்கு மட்டுமே 1,170 டாலர். எல்லாம் சேத்து 2,555 டாலர், அன்னிக்கு ரேட்டுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல. இது கன்சல்டன்சி ஃபீஸ் இல்லாம தனி. அந்த 58ல விசா ஸ்பான்சர் பண்ணாத ப்ரோக்ராம் எத்தனைன்னு பின்னாடி ஒவ்வொரு வெப்சைட்டா உக்காந்து பாத்தேன், பாதிக்கு மேல. விசாவே தராத இடத்துக்கு 30 டாலர் கட்டி அப்ளிகேஷன் போட்டிருக்காங்க, ஒருத்தர் கூட வெப்சைட்ட திறந்து பாக்கல.

மொத்தம் நாலு இன்டர்வியூ வந்துச்சு. இன்டர்னல் மெடிசின் ரெண்டு, ப்ரிலிம் சர்ஜரி ஒண்ணு, ட்ரான்சிஷனல் ஒண்ணு. அந்த ட்ரான்சிஷனல் இன்டர்வியூவ சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நம்ம டைம் ராத்திரி எட்டரை, மேல ப்ளேசர் கீழ நைட் பேன்ட், ஃபேன் சத்தம் கேக்கும்னு ஃபேனையும் ஆஃப் பண்ணிட்டு வேர்க்க வேர்க்க உக்காந்திருந்தேன். ப்ரோக்ராம் டைரக்டர் ரொம்ப நல்ல மனுஷன், சிரிச்சுக்கிட்டே தான் கேட்டார், "எங்ககிட்ட ஒரு வருஷம் முடிச்சதும் எந்த அட்வான்ஸ்டு ப்ரோக்ராமுக்குப் போறதா ப்ளான்?" ரேடியாலஜின்னு சொன்னேன். "அங்க எத்தனை இன்டர்வியூ?" ஒண்ணு கூட இல்ல. அவர் ஒரு செகண்ட் கீழ பேப்பரப் பாத்தார். அப்புறம், "உங்க பர்சனல் ஸ்டேட்மென்ட்ல இன்டர்னல் மெடிசின் தான் வாழ்நாள் கனவுன்னு எழுதியிருக்கீங்களே?"

நாலு ஸ்பெஷாலிட்டிக்கும் ஒரே ஸ்டேட்மென்ட்ட ஏத்தி விட்டிருக்காங்க. ரேடியாலஜிக்கும் அதே தான். கேட்டா "அசைன் பண்றதுல சின்ன டெக்னிக்கல் எரர் டாக்டர்".

அடுத்து ரேங்க் லிஸ்ட், அதாவது இன்டர்வியூ பண்ண இடத்துல எது மொதல்ல வேணும்னு நாம கொடுக்கற வரிசை. இதுல தான் எனக்கு உண்மையாவே பயம் வந்துச்சு. ட்ரான்சிஷனல மொத ரேங்க்ல போடுங்க, அது ஷ்யூர் சீட்டுன்னு கவுன்சலர் வாய்ஸ் நோட் அனுப்பினார். மிச்சிகன்ல ரெண்டாம் வருஷம் ரெசிடென்ட்டா இருக்க எங்க காலேஜ் சீனியர் அக்காவுக்கு அதை ஃபார்வர்ட் பண்ணேன். அஞ்சே நிமிஷத்துல கால் வந்துச்சு. "ஏய் லூசு, அதை மேல போட்டு அது கிடைச்சிருச்சுன்னா சாஃப்ட்வேர் அதோட நின்னுடும்டி, கீழ இருக்க மூணு வருஷ சீட்ட பாக்கவே பாக்காது. ஒரு வருஷம் முடிஞ்சதும் என்ன பண்ணுவ? அடுத்த சீட்டும் இல்ல, விசாவும் அந்த வருஷத்தோட சரி, மறுபடி மொதல்ல இருந்து அப்ளை பண்ணணும், அதுவும் இன்டர்னா டியூட்டி பாத்துக்கிட்டே". ப்ரிலிம், ட்ரான்சிஷனல் இதெல்லாம் அட்வான்ஸ்டு சீட்டோட சேத்து சப்ளிமெண்டல் லிஸ்ட்ங்கற துணை லிஸ்ட்ல போடறதுக்குன்னே ஒரு ஏற்பாடு இருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். ஒன்னே முக்கால் லட்சம் வாங்கினவங்க அந்த வார்த்தையவே ஒரு தடவ கூட சொன்னதில்ல. அக்கா சொன்னபடி இன்டர்னல் மெடிசின் ரெண்டையும் மேல மாத்தினேன்.

ஆனாலும் மேட்ச் ஆகல. இன்டர்னல் மெடிசின்ல ரெண்டே இன்டர்வியூ வச்சு ஆகறது கஷ்டம் தான். அமெரிக்க குடிமகன் இல்லாத வெளிநாட்டு டாக்டர்ஸ்ல அந்த வருஷம் சுமார் 58 சதவீதம் பேருக்கு மேட்ச் ஆச்சு, நான் மிச்ச பக்கம். மார்ச் 17 திங்கக்கிழமை, மெயில திறந்தது அப்பா பக்கத்துல உக்காந்திருக்கும்போது. அவர் ஒண்ணும் சொல்லல, எழுந்து போய் மோட்டார் போட்டுட்டு வந்தார்.

அப்புறம் சோப் வாரம், அதாவது மேட்ச் ஆகாதவங்க காலி சீட்டுக்கு அப்ளை பண்ற வாரம். காலியா இருக்க சீட்டு லிஸ்ட்ட பாத்தா ப்ரிலிம் சர்ஜரி தான் நூத்துக்கணக்குல கிடக்கு, வருஷா வருஷம் இப்படித்தானாம். ஒரு வருஷ சீட்டுல உண்மையாவே ஈஸின்னா அது இது தான், அது ஏன் காலியா கிடக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சா போதும். வாரத்துக்கு 80 மணி நேரம் வேலை, அதுல பெரும்பாலான சீட்டுக்கு ரெண்டாவது வருஷம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒரு வருஷம் முடிச்சா லைசென்ஸ் வந்துடும்னும் கவுன்சலர் அளந்து விட்டிருந்தார், பல ஸ்டேட்ல வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு ரெண்டு மூணு வருஷ ட்ரெய்னிங் வேணும்.

அன்னிக்கு ராத்திரியே அவர் போன். "டாக்டர் ஒரு அம்பதாயிரம் போடுங்க, நம்ம ஆளு அங்க இருக்கார், ப்ரோக்ராம் டைரக்டர்ஸுக்கு நேரா பேசிடுவார்". தயவுசெஞ்சு இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. சோப்ல ப்ரோக்ராம் தான் நம்மள மொதல்ல கூப்பிடணும். அவங்க கூப்பிடறதுக்கு முன்னாடி நாமளோ நமக்காக வேற எவனோ போன், மெயில் பண்ணா அது என்ஆர்எம்பி (மேட்ச நடத்தற அமைப்பு) விதிமீறல், அடுத்தடுத்த மேட்ச்ல இருந்தே தள்ளி வைக்கலாம். அம்பதாயிரம் கொடுத்து என் கையால என் கதவ நானே மூடச் சொல்றான் அந்த ஆளு. முடியாதுன்னுட்டேன். இருந்த 45 அப்ளிகேஷனையும் நானே போட்டேன், ஒரு ப்ரிலிம் சர்ஜரில இருந்து மட்டும் பத்து நிமிஷம் போன்ல பேசினாங்க, வியாழக்கிழமை நாலு ரவுண்டும் விடிய விடிய லேப்டாப் முன்னாடி உக்காந்திருந்தேன், ஆஃபர் வரல.

ரீஃபண்டு கேட்டப்போ அக்ரிமெண்ட்ட எடுத்து நீட்டினாங்க, "அப்ளிகேஷன் உதவி" மட்டும் தான் அதுல இருக்கு, "ஷ்யூர் சீட்டு" எங்கயும் இல்ல. நல்லவேளை வாய்ஸ் நோட் எதையும் நான் டெலீட் பண்ணல, மொத்தம் 31 இருக்கு. மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்ல அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது, ஆன்லைன்லயே போடலாம், வக்கீல் இல்லாம நாமளே பேசலாம். நோட்டீஸ் போன நாலாவது நாள் கவுன்சலர் லைன்ல வந்தார், நான் போட்ட கூகுள் ரிவ்யூவ எடுத்துட்டா 40,000 தர்றாராம். எடுக்கல.

இப்போ ஒரு தனியார் ஆஸ்பத்திரில நைட் டியூட்டி பாத்துட்டு இந்த சீசனுக்கு நானே லிஸ்ட் போட்டுட்டு இருக்கேன். இன்டர்னல் மெடிசின் மட்டும், விசா தர்ற இடம் மட்டும். ஒவ்வொரு வெப்சைட்டா திறந்து எக்செல்ல ஏத்த மூணு வாரம் ஆச்சு, செலவு ஒரு ரூபா கூட இல்ல.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அவங்க எழுதிக் கொடுத்த ஸ்டேட்மென்ட் என் தாத்தாவ பாம்பு கடிச்ச ராத்திரில ஆரம்பிக்கும். எங்க தாத்தாவ எந்தப் பாம்பும் கடிக்கல, மனுஷன் 84 வயசுல தூக்கத்துல போனார். அப்பவே மாத்தச் சொன்னேன், இதெல்லாம் அங்க நல்லா எடுபடும் டாக்டர்னாங்க, விட்டுத் தொலைச்சேன், அது என் தப்பு தான். போன மாசம் கோயம்புத்தூர்ல படிச்ச ஒரு பொண்ணு அவ ஸ்டேட்மென்ட்ட அனுப்பிச்சா. அதே தாத்தா, அதே பாம்பு, அதே அரிக்கேன் விளக்கு. உங்களோடதும் அந்தப் பாம்புல தான் ஆரம்பிக்குதுன்னா அதுக்கு மட்டும் இன்பாக்ஸ் வாங்க, மனுல சேத்துடலாம்.