காம்போசிஷனா, ரெகுலரா? ஒரு பாத்திரக்கடைக் கணக்கு

மார்ச் மாதம் வந்தால் சிறு கடைக்காரர்கள் ஆடிட்டரிடம் கேட்கும் கேள்வி இது. (நம் ஊரில் ரிட்டர்ன் தாக்கல் செய்துகொடுக்கும் எல்லோருமே ஆடிட்டர்தான்.) ஜிஎஸ்டியில் காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் இருப்பதா, வழக்கமான ரெகுலர் முறையில் இருப்பதா? "ஒரு சதவீதம்தானே, காம்போசிஷனிலேயே இருங்கள்" என்பதுதான் வழக்கமான பதில். 2025 செப்டம்பர் 22 வரை பல கடைகளுக்கு அது சரியான பதிலாகவும் இருந்தது. அன்று வரி விகிதங்கள் மாறிவிட்டன. பதில் மட்டும் மாறவில்லை.

காம்போசிஷனில் சேர, முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டியிருக்கக் கூடாது. சரக்கு விற்பவரும் உற்பத்தியாளரும் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது. கொள்முதலில் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. ரெகுலரில் முழு வரியை வசூலித்து, கொள்முதலில் கட்டியதை, அதாவது 'இன்புட்'டை, கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுகிறோம்.

எவர்சில்வர் பாத்திரக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாத்திரங்களுக்கு முன்பு 12 சதவீத வரி. 100 ரூபாய்ச் சரக்கை வரியோடு 112க்கு வாங்கி, 20 ரூபாய் லாபம் வைத்து விற்றால் பில் 134.40. ரெகுலர்காரர் வரியாக வசூலித்த 14.40ல் 12ஐக் கழித்து 2.40 கட்டுவார், கையில் நிற்பது 20 ரூபாய். காம்போசிஷன்காரர் அதே 134.40க்கு விற்று 1.34 கட்டினால், கையில் 21.06. நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஒரு ரூபாய் ஆறு காசு கூடுதல்.

இப்போது பாத்திரத்துக்கு 5 சதவீதம். வாங்குவது 105க்கு, அதே லாபத்துடன் விற்பது 126க்கு. ரெகுலர்காரர் கட்டுவது ஒரே ஒரு ரூபாய். லாபம் அதே 20. காம்போசிஷன்காரர் 1.26 கட்டுகிறார், அவருக்கு நிற்பது 19.74. ஆண்டுக்கு 60 லட்சத்துக்குக் கொள்முதல் செய்யும் கடையில், முன்பு சுமார் 63,000 ரூபாய் மிச்சம் தந்த திட்டம் இன்று 15,600 ரூபாயைத் தின்கிறது. கடைக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் காலடியில் கணக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

5 சதவீதச் சரக்கில், கொள்முதல் விலைமேல் சுமார் 27 சதவீதம் லாபம் வைத்தால்தான் காம்போசிஷன் முந்தும். சோப்பு, ஷாம்பு, சைக்கிள், குடை எல்லாம் இப்போது இந்த 5 சதவீதக் கூட்டத்தில்தான். சோப்பில் யார் 27 சதவீதம் வைக்கிறார்கள்? சுவிட்ச், ஒயர் விற்கும் எலக்ட்ரிக்கல் கடைக்குச் சரக்கின் வரி இன்னும் 18 சதவீதம் என்பதால், 7 சதவீத லாபத்திலேயே காம்போசிஷன் முந்திவிடுகிறது. ஆனால் அந்தக் கடையில் வாங்குவது வீட்டுக்காரரா, பதிவு பெற்ற கான்ட்ராக்டரா? காம்போசிஷன் பில்லை வைத்துக் கான்ட்ராக்டரால் இன்புட் எடுக்க முடியாது. அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

முறுக்கு, மிக்சர் போடுபவர்களுக்கு நான் தயங்காமல் காம்போசிஷனைச் சொல்வேன். மாவுக்கும் எண்ணெய்க்கும் ஆகும் செலவைவிட அடுப்படி உழைப்பே விலையில் பெரும்பங்கு. கூலிக்கு இன்புட் கிடையாது. 5 சதவீத வரியோடு 63 ரூபாய்க்குப் பொருள் வாங்கி, அதே வரியோடு 126க்கு விற்றால், ரெகுலரைவிட ஒரு ரூபாய் எழுபத்து நான்கு காசு அதிகம் நிற்கும். ஐஸ்கிரீம் தயாரிப்பவருக்கோ இந்தக் கதவு அடைத்திருக்கிறது.

உணவகம் நடத்துபவர்களோ ஏமாந்துபோகிறார்கள். காம்போசிஷனில் அவர்களுக்கு 5 சதவீதம். சாதாரண உணவகத்துக்கு ரெகுலரிலும் அதே 5 சதவீதம்தான், அங்கும் இன்புட் இல்லை. ஆனால் ரெகுலர்காரர் அதைச் சாப்பிட வருபவரிடம் தனியாக வாங்கலாம். காம்போசிஷன்காரர் கல்லாவிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். அவருக்கு மிஞ்சுவது தாள்வேலைச் சுமை குறைவது மட்டும்.

அந்தச் சுமைக் குறைவு உண்மையானது, அதையும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம், ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன். ரெகுலரில் 5 கோடி வரை காலாண்டு ரிட்டர்ன் வசதி இருந்தாலும் பணம் மாதாமாதம் போக வேண்டும். ஒவ்வொரு கொள்முதல் பில்லும் சப்ளையர் ஏற்றியதோடு பொருந்த வேண்டும். பாத்திரக்கடையின் 15,600 ரூபாய் நஷ்டத்தை ஆடிட்டர் ஃபீஸ் வித்தியாசத்தோடு வைத்துப் பார்த்து, "இருக்கட்டும்" என்று ஒருவர் முடிவு செய்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஓசூரிலிருந்து பெங்களூருவுக்கோ, கடலூரிலிருந்து புதுச்சேரிக்கோ சரக்கு அனுப்புகிறவருக்கு இந்த யோசனையே தேவையில்லை: காம்போசிஷனில் இருந்தால் வெளிமாநில விற்பனை கூடாது. வாங்குவதற்குத் தடையில்லை.

உள்ளே நுழைய நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே, மார்ச் 31க்குள், விருப்பம் தெரிவிக்க வேண்டும். வெளியேறுவது எப்போது வேண்டுமானாலும் முடியும். வெளியேறும்போது கடையில் இருக்கும் சரக்குக்கு, ஓராண்டுக்கு உட்பட்ட பில்கள் இருந்தால், கட்டிய வரியை இன்புட்டாக எடுக்கலாம். அதற்கான ஐடிசி-01 படிவத்தை 30 நாளுக்குள் போட வேண்டும். அலமாரி நிறையப் பாத்திரம் வைத்திருப்பவர் முதலில் தேட வேண்டியது அந்தப் பில் கட்டைத்தான்.